கடைசிக் கேள்விக்கு விக்கி சொன்ன பதில்

அக்கா, நீங்க உள்ள போறீங்கல்ல? மணி அடிச்சாத்தான் விடுவாங்க, இன்னும் நேரம் கிடக்கு. இப்படித் தள்ளி நிழல்ல உக்காருங்க. அந்த பெஞ்சு முனையில ஆணி நீட்டிக்கிட்டிருக்கு, போன வாரம் என் சேலை கிழிஞ்சுபோச்சு. உங்க தம்பியைத்தானே குடியை நிறுத்த உள்ள சேர்த்திருக்கீங்க? பார்த்தேன். போன ஞாயித்துக்கிழமை உங்களைப் பார்த்ததும் அவர் உங்க தோள்ல சாஞ்சு அழுதாரு. நான் கேட்டுக்கு வெளிய நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். கொடுத்து வச்சவங்க நீங்க. தப்பா எடுத்துக்காதீங்க. குடிச்சுக் குடிச்சு உடம்பைக் கெடுத்துக்கிட்ட தம்பியை வச்சுக்கிட்டு இதுல என்ன கொடுத்து வச்சதுன்னு நினைப்பீங்க. அவர் உங்களைப் பார்த்து அழறாருல்லக்கா. என் பிள்ளை என் மூஞ்சியைப் பார்க்கவே மாட்டேங்கறான்.

ஒரு உதவி பண்ணுங்க. இந்தப் பையை அவன்கிட்ட குடுத்துடுங்க. கேட்டுல பிரிச்சுப் பார்ப்பாங்க, பார்க்கட்டும், ஒண்ணுமில்லை. ரெண்டு பனியன், ஒரு துண்டு, கொஞ்சம் ரவா லட்டு. சின்னப் பசங்களுக்குத் தனி ரூம், உங்க தம்பி இருக்கற ஹாலுக்கு எதுத்தாப்புல. பேரு இளம்பரிதி. பரிதின்னு கூப்பிட்டாத்தான் திரும்புவான். பதினேழு வயசு, ஒல்லியா உயரமா இருப்பான், வலது முழங்கால்ல தையல் போட்ட தழும்பு இருக்கும். அம்மா குடுத்தான்னு மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னா திருப்பி அனுப்பிடுவான். போன வாரம் அப்படித்தான் லட்டு டப்பா அப்படியே திரும்பி வந்துச்சு. பஸ்ஸுல மடியில வச்சுக்கிட்டே திருச்சி வரைக்கும் போனேன்.

குடுத்துட்டு, அவன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வாங்க. "எப்படா சொன்னே?" அவ்வளவுதான். வேற ஒண்ணும் கேக்க வேணாம். எப்ப, எந்த இடத்துல, என்ன வார்த்தையில சொன்னே, அதைக் கேட்டுட்டு வந்து என்கிட்ட சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

புரியலையா? ஆமா, நான் பாட்டுக்கு நடுவுலேர்ந்து ஆரம்பிச்சுட்டேன். எங்க வீட்டுக்காரரும் இதைத்தான் சொல்வாரு, "பொற்கொடி, நீ பேசறது உனக்கே புரியுதா"ன்னு. அவர் பேசறதே அந்த ஒரு வாக்கியம்தான். இங்கயும் வர மாட்டேங்கறாரு. பிள்ளையைப் பெத்த வயிறு எனக்குத்தானே இருக்கு.

இங்க ஒரு கவுன்சிலர் தம்பி இருக்காருல்ல, ஜோஷ்வான்னு, கண்ணாடி போட்டுக்கிட்டு, மெதுவாப் பேசுவாரே. முதல் ஞாயித்துக்கிழமை என்னைத் தனியாக் கூப்பிட்டு வச்சு சொன்னாரு. "அம்மா, பரிதி உங்களைப் பார்க்க வேணாங்கறான். ஏன்னு கேட்டா ஒண்ணுதான் சொல்றான். இந்த மாத்திரைப் பழக்கத்தை நான் அம்மாகிட்ட அப்பவே சொல்லிட்டேன், அம்மா கேக்கலைங்கறான். நீங்க வீட்டுக்குப் போய் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அந்த இடத்துலயே அவன் நிக்கறான், அதைத் தாண்டி எங்களால நகர முடியலை." எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. என்கிட்ட சொன்னானாம். சொல்லியிருந்தா நான் சும்மா இருந்திருப்பேனா? என் உசிரைக் குடுத்திருக்க மாட்டேனா?

இந்த நோயே அப்படித்தான், பொய் சொல்ல வைக்கும்னு நான் கேள்விப்பட்டிருக்கேன். அதையும் அந்தத் தம்பிகிட்ட சொல்லிப் பார்த்தேன். "இருக்கலாம்மா, ஆனா இது பொய் மாதிரி தெரியலை"ங்கறாரு. அவருக்கு என்ன தெரியும்? பிள்ளை பெத்து வளர்த்தவரா அவரு? நேத்து கல்யாணம் ஆனவரு.

பார்க்கலைன்னாலும் பரவால்லைன்னு மனசைத் தேத்திக்கலாம்க்கா. இது முடிஞ்சு வெளிய வந்தாலும் வீட்டுக்கு வர மாட்டேங்கறான். திருப்பூர்ல யாரோ பழைய கூட்டாளி ரூம் எடுத்துத் தங்கியிருக்கானாம், அங்க போறேங்கறான். எந்தக் கூட்டாளின்னு எனக்குத் தெரியாதா? மாத்திரையை அவனுக்கு வாங்கிக் குடுத்ததே அந்தக் கூட்டாளிங்கதான். அங்க போனான்னா என் பிள்ளை செத்துடுவான். வாயால சொல்லக் கூடாது, ஆனா எனக்குத் தெரியுது. ஒரு தடவை பாத்ரூம் கதவை உடைச்சு அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். கட்டில் கட்டிலா நிரம்பிக் கிடந்த வார்டுல ஒரு நர்சம்மா அவன் நெஞ்சைத் தேச்சு, கன்னத்துல அறைஞ்சு, "முழிச்சுப் பாருடா தம்பி, முழிச்சுப் பாருடா"ன்னு கத்துனது இன்னும் காதுல கேக்குது. திருப்பூர்ல யாரு கதவை உடைக்கப் போறா?

வர்ற வாரம் அவனை வெளிய விடறாங்க. அதுக்குள்ள அவன் மனசு மாறணும். அவன் எப்ப சொன்னாங்கறது தெரிஞ்சா, அது பொய்னு நான் நிரூபிச்சுடுவேன். இல்லை, ஏதோ தூக்கத்துல சொன்னான், நான் மிக்ஸி ஓட்டிக்கிட்டிருந்தேன், காதுல விழலைன்னாவது ஆகும். ஏதோ ஒண்ணு. அது தெரியாம என்னால சோறு திங்க முடியலைக்கா. குளிக்கும்போதும் யோசிக்கிறேன், பஸ்ஸுலயும் யோசிக்கிறேன். கால் ஆபரேஷன்லேர்ந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு மாசமா நினைச்சுப் பார்க்கிறேன். பொங்கலுக்குச் சொன்னானா, சித்திரையில சொன்னானா? இல்லைக்கா. சொல்லவே இல்லை. அவன் வாயைத் திறந்து அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. இந்தப் பை மேல சத்தியம்.

கேளுங்க, எல்லாத்துக்கும் காரணம் ஒரு பேராசிரியர் அம்மா. ஷெரின் மேடம். அவங்க குடுத்த வேலையைத் தொட்ட பிறகுதான் போதைங்கற வார்த்தையெல்லாம் என் வீட்டுக்குள்ள வந்துச்சு.

நான் மொழிபெயர்ப்பு பண்றவக்கா. இங்கிலீஷ்லேர்ந்து தமிழுக்கு. வீட்டுலேர்ந்தே பண்றது. மருந்து பெட்டிக்குள்ள மடிச்சு வச்சிருப்பாங்களே காகிதம், அது, ஆஸ்பத்திரியில கையெழுத்து வாங்கற பாரம், கொசு ஒழிப்பு நோட்டீஸு, எல்லாம் என் கை பட்டதுதான். பெருமைக்குச் சொல்லலை, என் வேலையில ஒரு கமா தப்பு இருக்காது. அதைக் கேள்விப்பட்டுத்தான் அந்த மேடம் கூப்பிட்டாங்க. ஏதோ வெளிநாட்டுல எழுதுன கேள்வித்தாள். பதிமூணு வயசுலேர்ந்து பதினெட்டு வரைக்கும் இருக்கற பசங்க போதை மாத்திரை, கஞ்சா, அது இதுன்னு பழக்கத்துல இருக்காங்களான்னு கண்டுபிடிக்கறதுக்கு. பசங்க அவங்களே டிக் அடிக்கணும், மார்க் கூட்டிப் பார்த்தா தெரிஞ்சுடும். அதைத் தமிழ்ல கொண்டு வரணும், ஸ்கூல் ஸ்கூலாக் கொண்டு போகணும்னு மேடத்துக்கு ஆசை.

இதுல ஒரு முறை இருக்குக்கா. சும்மா மொழிபெயர்த்துக் குடுத்துட்டா போதாது. நான் தமிழ்ல எழுதுனதை, இங்கிலீஷைப் பார்க்காத வேற ஒருத்தர் திரும்ப இங்கிலீஷ்ல எழுதணும். ரெண்டையும் வச்சு ஒப்புப் பார்ப்பாங்க. அது முடிஞ்சதும், அந்த வயசுப் பிள்ளைங்ககிட்ட உக்காந்து, ஒவ்வொரு கேள்வியா வாசிச்சு, "இது உன்னை என்ன கேக்குது, உன் வார்த்தையில சொல்லு"ன்னு கேக்கணும். பதில் சொல்றது அப்புறம். கேள்வி புரிஞ்சுதாங்கறதுதான் முதல்ல. நல்ல முறைதான், நான் குறை சொல்லலை. மேடம் ஒரு சட்டம் போட்டாங்க, சொந்தப் பிள்ளைங்ககிட்ட பண்ணக் கூடாதுன்னு. தெரிஞ்சவங்க வீட்டுப் பிள்ளையும் கூடாது. அந்தப் பிள்ளையோட அப்பா அம்மா பக்கத்துலயே இருக்கக் கூடாது.

எனக்குச் சிரிப்பா வந்துச்சு. வீட்டுல தங்கமாட்டம் ஒரு பையனை வச்சுக்கிட்டு நான் எதுக்கு ஊரான் பிள்ளைக்கு அலையணும்? அதுவும், இந்த மாதிரிக் கேள்வியைக் கொண்டுபோய் அடுத்த வீட்டுப் பையன்கிட்ட கேட்டா அவங்க அம்மா என்னை வாசப்படி ஏற விடுவாளா? என் பிள்ளைன்னா பயமில்லை. அவனுக்கு ஒரு பழக்கமும் கிடையாதுன்னு எனக்குத் தெரியும். அதான் அவன்கிட்டயே பண்ணிடலாம்னு முடிவு பண்ணுனேன்.

ஒரு சனிக்கிழமை. ஸ்கூல் மத்தியானத்தோட விட்டுட்டாங்க. சாப்பிட்டு முடிச்சு, தட்டைக் கழுவி வச்சுட்டு, அவனை டைனிங் டேபிள்ல எதுத்தாப்புல உக்கார வச்சேன். அப்பதான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. இவன் எல்லாத்துக்கும் இல்லைன்னுதான் சொல்லப் போறான். முதல் கேள்விக்கு இல்லைன்னா அதுக்கு அடுத்த அஞ்சாறு கேள்வி அப்படியே விட்டுப்போயிடும். அப்ப அந்தக் கேள்வி எல்லாம் சரியா இருக்கான்னு எப்படிப் பார்க்கறது? பாதித் தாளைச் சோதிக்காமலே அனுப்பணும். எனக்கு அது பிடிக்காது. செஞ்சா முழுசாச் செய்யணும்.

நான் சொன்னேன், "பரிதி, நீ நீயா இருக்காதே. பழக்கம் இருக்கற ஒரு பையனா நடி. அவன் பேரு விக்கின்னு வச்சுக்கலாம். நான் கேக்கறேன், நீ விக்கியாப் பதில் சொல்லு."

அவன் என்னையே பார்த்தான். "நானா?"ன்னான்.

"சும்மா நடிப்புதான்டா. உன்னை யாரு என்ன சொல்லப் போறா?"

"என்ன சொன்னாலும் திட்ட மாட்டியா?"

"விக்கியை நான் எதுக்குடா திட்டறேன்? எனக்கு அவன் யாரு?"

ஒரு நிமிஷம் யோசிச்சான். அப்புறம் நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டுக்கிட்டு, "சரி, கேளு"ன்னான். பொதுவா என் வேலைக்கு ஒத்தாசை பண்ணுன்னா ஓடிப்போற பையன். அன்னிக்கு அப்படி உக்காந்தான். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமாக்கா.

முதல் கேள்வி, மருத்துவர் எழுதித் தராத மாத்திரை எதையாவது பயன்படுத்தியிருக்கிறாயா? இது என்ன கேக்குதுன்னு உன் வார்த்தையில சொல்லுடான்னேன். "டாக்டர் நிறுத்தச் சொன்ன பிறகும் போடறியான்னு கேக்குது"ன்னான். அப்படியே அதுதான் இல்லை, ஆனாலும் கிட்ட வந்துட்டான்னு குறிச்சுக்கிட்டேன். "சரி விக்கி, எப்படி ஆரம்பிச்சே?" அவன் சொல்றான், "ஃபுட்பால் ஆடும்போது முட்டி போச்சு. ஆபரேஷன் பண்ணுனாங்க. வலிக்கு மாத்திரை குடுத்தாங்க. வலி போயிடுச்சு, ஆனா அது வேணும் போல இருந்துச்சு."

நான் பேனாவால அவன் தலையில ஒரு தட்டு தட்டுனேன். "அடேய், அது உன் கதைடா. விக்கிக்கு வேற கதை வை. கொஞ்சமாவது கற்பனை பண்ணு." அவன் முழிச்சான். "சரி, விக்கிக்குக் கை உடைஞ்சுது"ன்னான். நான் விழுந்து விழுந்து சிரிச்சேன்.

அதுக்குப் பிறகு பாருங்க, பையன் அசத்திட்டான். தனியா இருக்கும்போது பயன்படுத்துவாயா? "தனியாத்தான். பாத்ரூம்ல." ஏன்டா பாத்ரூமு? "அங்கதான் தாழ்ப்பாள் இருக்கு." பாருங்க, எப்படி யோசிக்கிறான். எதுக்காகப் பயன்படுத்துகிறாய்? "அம்மா பேசிக்கிட்டே இருப்பாங்க. இது போட்டா அந்தச் சத்தம் தூரத்துல எங்கயோ கேக்கும். நல்லா இருக்கும்." எனக்குக் கொஞ்சம் சுருக்குன்னுதான் இருந்துச்சு. இருந்தாலும் அது விக்கியோட அம்மாதானேன்னு விட்டுட்டேன். யாரு கண்டா, அவ எப்படிப் பேசறவளோ. நிறுத்த முயற்சி செய்திருக்கிறாயா? "செஞ்சேன். காய்ச்சல் மாதிரி வந்துச்சு. அம்மா வைரல் ஃபீவர்னு கஷாயம் வச்சுக் குடுத்தாங்க."

ஆமாக்கா, அந்த மாசம் இவனுக்கும் வைரல் ஃபீவர் வந்திருந்துச்சு. அதையே எடுத்து விக்கிக்கு வச்சுட்டான். திரும்பவும் சொந்தக் கதைக்குத் தாவுறானேன்னு நினைச்சேன், ஆனா இந்தத் தடவை தடுக்கலை. ஓட்டத்துல போகட்டும்னு விட்டேன்.

அவனைப் பார்க்கணுமேக்கா. பேசப் பேச டேபிள் விரிப்பைச் சுருட்டிச் சுருட்டி விரிச்சான். கண்ணுல தண்ணி கோத்துக்கிச்சு. ஸ்கூல் ஆண்டு விழாவுல இவன் ஒரு தடவை வாயில்காப்பானா வந்து, சொல்ல வேண்டிய ஒரு வரியையும் மறந்துட்டு நின்னவன். இவனுக்குள்ள இப்படி ஒரு நடிப்பு இருந்துச்சான்னு நான் அசந்துபோயிட்டேன். கடைசிக் கேள்வியில மட்டும் சொதப்பிட்டான். அது கிடக்கட்டும். மத்தபடி ஒரு குறை சொல்ல முடியாது. மார்க் கூட்டிப் பார்த்தேன். அந்தத் தாள்ல ஒரு எல்லை போட்டிருப்பாங்க, அதைத் தாண்டுனா அந்தப் பையனுக்கு உடனே உதவி வேணும்னு அர்த்தம். விக்கி நல்லாவே தாண்டியிருந்தான். எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. நம்ம தமிழ் வேலை செய்யுது, பழக்கம் உள்ள பையன் மாட்டிக்கறான்னு தெரிஞ்சுபோச்சுல்ல. அன்னிக்குச் சாயங்காலம் அவனுக்குப் பிடிச்ச கொத்துப் பரோட்டா வாங்கிக் குடுத்தேன். பாதி தின்னுட்டு வச்சுட்டான்.

எல்லாத்தையும் சுத்தமா எழுதி மேடத்துக்கு அனுப்பிட்டேன். யாரு பையன், எந்த வீடுன்னு எழுதலை. பேரு வேணாம்னு அவங்களே சொல்லியிருந்தாங்க. அடுத்த நாளே போன் வந்துச்சு. எடுத்ததும், வணக்கம்கூடச் சொல்லலை. "பொற்கொடி, இந்தப் பையன் யாரு? இந்தப் பதிலெல்லாம் நிஜம். இவனை நாளைக்கே என்கிட்ட கூட்டிட்டு வர முடியுமா?" நான் சிரிச்சுட்டேன். "மேடம், அது என் மகன், சும்மா நடிச்சுக் காட்டுனான். தத்ரூபமா இருக்குல்ல?" லைன் கட்டாயிடுச்சோன்னு ஹலோ ஹலோங்கறேன். அப்புறம் அவங்க சொன்னாங்க, "நான் ஒண்ணும் சொல்லலை. அவன்கிட்ட ஒரு தடவை உக்காந்து பேசுங்க. கேள்வித்தாள் இல்லாமப் பேசுங்க."

அக்கா, நீங்களே சொல்லுங்க. ஒரு தாய்கிட்ட பேசற பேச்சா அது? என் பிள்ளை உதவி பண்ணுனான். எவ்வளவோ பசங்களுக்கு நல்லது நடக்கட்டும்னு உக்காந்து நடிச்சுக் குடுத்தான். அவனைப் போய்ச் சந்தேகப்பட்டா எப்படி இருக்கும்? நான் சொன்னேன், "மேடம், நீங்க படிச்சவங்க, ஆனா என் பிள்ளையைப் பத்தி என்கிட்டயே சொல்லாதீங்க." போனை வச்சுட்டேன். அதோட அவங்க வேலையை நான் தொடலை. அவங்க ரெண்டு மூணு தடவை கூப்பிட்டாங்க, நான் எடுக்கலை. ஒரு தடவை மெசேஜ் வந்துச்சு, பரிதி எப்படி இருக்கான்னு. பார்த்துட்டு அழிச்சுட்டேன்.

இப்ப சொல்றேன், அந்தம்மா வாய் முகூர்த்தம்தான் இப்படி ஆச்சு. அந்தத் தாளைத் தொட்டு, அந்த வார்த்தையெல்லாம் வாயால சொல்லி, அந்தப் பையனா நடிச்சு, அதுலேர்ந்துதான் என் பிள்ளைக்குப் புத்தி அப்படிப் போயிருக்கு. ஒண்ணுமே தெரியாம இருந்தவனுக்கு நாமளே பாத்ரூம் தாழ்ப்பாள் வரைக்கும் சொல்லிக் குடுத்த மாதிரி ஆகிப்போச்சு.

என்ன? தாழ்ப்பாளை அவன்தானே சொன்னான்ங்கறீங்களா? ஆமா, அவன்தான் சொன்னான். அது நடிப்புல வந்தது.

ஜோஷ்வா தம்பிகிட்ட இதைச் சொல்லலை. சொன்னா என்ன நினைப்பாரு? பெத்த அம்மாவே கேள்வித்தாளைக் காட்டிப் பிள்ளையைக் கெடுத்துட்டான்னு எழுதிக்குவாரு. உங்ககிட்டதான் சொல்றேன், யாரோ எவரோங்கறதுனால சொல்ல முடியுது. நான் அந்த மேடத்து மேல எங்கயாவது புகார் குடுக்கணும்னுகூட நினைச்சேன். ஸ்கூல்ல அந்தத் தாளைக் குடுக்க விடக் கூடாது. இன்னும் எத்தனை பிள்ளைங்க கெட்டுப்போகும்.

அவன் அதுக்கப்புறம் கொஞ்ச நாள் அதையே கேட்டுக்கிட்டிருந்தான். "அம்மா, அந்தப் பேப்பரை அனுப்பிட்டியா? அந்த மேடம் படிச்சாங்களா?" நான் தோசை ஊத்திக்கிட்டிருப்பேன், பின்னாடி வந்து நிப்பான். "விக்கியைப் பத்தி அவங்க என்ன சொன்னாங்கம்மா?" என் பிள்ளையைச் சந்தேகப்பட்டாங்கன்னு அவன்கிட்டயே எப்படிச் சொல்றது? மனசு உடைஞ்சு போயிடுவானேன்னு, "நீ ரொம்ப நல்லா நடிச்சேன்னு சொன்னாங்கடா"ன்னேன். "அவ்வளவுதானா?"ன்னான். "அவ்வளவுதான், வேற என்ன, விருதா குடுப்பாங்க?"ன்னு சிரிச்சேன். அவன் ரூமுக்குப் போயிட்டான். தோசை ஆறிப்போச்சு. அதுக்கப்புறம் கேக்கலை. அதுக்கப்புறம் அவன் எதையுமே கேக்கலைக்கா. கதவைச் சாத்திக்குவான். பரீட்சை நெருங்குது, படிக்கிறான்னு நானும் டீயைக் கதவுகிட்ட வச்சுட்டு வந்துடுவேன். பேசுனா தொந்தரவா இருக்குமேன்னு.

அப்புறம் அந்த பாத்ரூம். குளிக்கப் போனவன் வரலை. தண்ணி ஓடுற சத்தம் மட்டும் கேக்குது. நான் வெளியிலேர்ந்து திட்டிக்கிட்டே இருக்கேன், மோட்டார் போட்டா கரண்ட் பில் யாரு கட்டறது, தண்ணியை நிறுத்துடான்னு. எவ்வளவு நேரம் திட்டுனேன்னு எனக்கே தெரியலை. உள்ள என் பிள்ளை தரையில கிடக்கான், நான் வெளிய நின்னு கரண்ட் பில்லைப் பேசிக்கிட்டிருக்கேன். கொஞ்சம் இருங்கக்கா. தண்ணி இருக்கா? குடுங்க.

என்ன கேட்டீங்க? கடைசிக் கேள்வியா? அதுல என்ன சொதப்புனான்னா கேக்கறீங்க? அது ஒண்ணுமில்லை. கேள்வி ரொம்பச் சாதாரணம். "இதைப் பற்றிப் பெரியவர்கள் யாரிடமாவது சொல்லியிருக்கிறாயா?" இது என்ன கேக்குது விக்கின்னேன். "யாராவது உனக்கு இருக்காங்களான்னு கேக்குது"ன்னான். அதுவே தப்பு, ஆனா சரி, பதிலைச் சொல்லுன்னேன். நான் எழுதற தாளை எட்டிப் பார்த்தான். அப்புறம் "ஆமா"ன்னான்.

"யாருகிட்ட?"ன்னேன்.

"அம்மாகிட்ட. இப்பதான்"ன்னான்.

நான் பேனாவைக் கீழ வச்சுட்டேன். எவ்வளவு அழகாப் பண்ணிக்கிட்டு வந்தான், கடைசியில வேஷத்தைக் கலைச்சுட்டானேன்னு எரிச்சலா வந்துச்சு. "டேய், நடுவுல வெளிய வந்துட்டியே. விக்கியோட அம்மா இங்க எங்கடா இருக்கா? நான் கேள்வி கேக்கறவ. விக்கி யாருகிட்டயும் சொல்லாத பையன், அதை ஞாபகம் வச்சுக்கிட்டுச் சொல்லு"ன்னேன். அவன் என்னையே பார்த்தான். டேபிளுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். கை நீட்டுனா தொடற தூரம். "சரிம்மா. இல்லைன்னே போட்டுக்கோ"ன்னான்.

நானும் இல்லைன்னு போட்டேன்.

நான்தான் போட்டேன்க்கா. என் கையாலதான். அவன் ஆமான்னுதான் சொன்னான்.

அம்மாகிட்ட, இப்பதான்னு சொன்னான்.

என் கையை ஏன் பிடிக்கிறீங்க? விடுங்க. இல்லை, பிடிச்சுக்கோங்க. தினம் யோசிச்சேனே. பொங்கலுக்கா, சித்திரைக்கான்னு ஒவ்வொரு நாளாப் புரட்டுனேனே. அந்தச் சனிக்கிழமையை மட்டும் நான் தேடவே இல்லை. அது வேலை பண்ணுன நாளு, அதுல என்ன இருக்கப் போகுதுன்னு தள்ளிட்டேன். திட்ட மாட்டியான்னு முதல்லயே கேட்டானேக்கா. கேட்டுட்டுத்தானே ஆரம்பிச்சான்.

மணி அடிச்சுட்டாங்க. போங்க, உங்க தம்பி எதிர்பார்த்துக்கிட்டிருப்பாரு. பையை எடுத்துக்கோங்க. இந்தாங்க.

அக்கா, ஒரு நிமிஷம் நில்லுங்க. நான் கேக்கச் சொன்னேன்ல, எப்படா சொன்னேன்னு. அதைக் கேக்க வேணாம். தயவுசெஞ்சு அதை மட்டும் கேட்டுடாதீங்க. லட்டை அம்மாதான் குடுத்தான்னு சொல்லிடுங்க. திருப்பிக் குடுத்தா குடுக்கட்டும், வாங்கிட்டு வந்துடுங்க. இன்னும் ஒண்ணு மட்டும் அவன்கிட்ட சொல்லணும். விக்கியோட கடைசிக் கேள்விக்கு அம்மா ஆமான்னு மாத்திப் போட்டுட்டாளாம்னு சொல்லுங்க. இதே வார்த்தையில சொல்லுங்க, மறந்துடாதீங்க. அம்மா வெளிய பெஞ்சுலதான் உக்காந்திருக்கா, நீ வந்தா வாயே திறக்க மாட்டா, நீ பேசறதை மட்டும் கேட்டுக்குவாளாம்னு சொல்லுங்க.